புள்ளி வைத்த தட்டுகள்

இதைப் படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோழி கிளறியது மாதிரி இருக்கும். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சுக்குக் கொடுக்கும்போது எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

செஞ்சி பஜாரில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் என் காலத்தின் பெரும்பகுதி போயிற்று. முதுகெலும்பில் தேய்மானம், இனி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஐம்பத்தைந்து வயதிலேயே வேலையை விட்டேன். இந்த வருடம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். பூமியைக் கெடுக்காத வியாபாரத்தில் கடைக்காரர்களுக்கு என்ன பங்கு, இளைஞர்களுக்கு என்ன பங்கு என்று பேசப் போகிறார்களாம். அதற்கு ஒரு சிறு புத்தகமும் போடுகிறார்கள். எங்கள் கடையைப் பற்றி எழுதித் தரும்படி, இப்போது அங்கே தொழில் நடத்துகிற மலர்விழியிடம் கேட்டிருக்கிறார்கள். அவள், “நான் எழுதினா பெருமையா எழுதிடுவேன். ஏழுமலை அண்ணன் எழுதட்டும்” என்று என்னைக் கை காட்டிவிட்டாள். மேடை ஏறிப் பேசு என்றால் நான் ஊரை விட்டே போய்விடுவேன். எழுதுவது பரவாயில்லை. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மீசை முளைக்கும் முன்பே கடைக்கு வந்தவன் நான். முதலில் தேய்த்தேன், பிறகு தூக்கினேன், பிறகு பெயர் வெட்டினேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பெயர் வெட்டுவது என்பது பாத்திரத்தின் மேல் கடைப் பெயரைப் பொறிப்பது. சின்ன உளியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, சுத்தியால் தட்டித் தட்டி எழுத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு மறுபக்கம் பிதுங்கும். பூப்போல அடித்தால் நாலு கல்யாணத் தேய்ப்பில் எழுத்து காணாமல் போகும். காகிதத்தில் கோணிக்கொண்டு போகிற என் எழுத்து, எவர்சில்வரில் மட்டும் ஏனோ நேராக நிற்கும்.

பாத்திரம் கொடுப்பது சுலபம். திரும்பி வாங்குவதுதான் வேலை. வண்டியிலிருந்து இறங்கியதும் முற்றத்தில் சாக்கு விரித்து இனம் இனமாகப் பரப்புவோம். அண்டாவுக்குள் கையை விட்டு உள்ளங்கையால் ஒரு சுற்று தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பிடிப்பு கைக்குத் தெரியும். கரி ஏறிய அடிப்பாகத்தை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் மறு நாள் இரண்டு மடங்கு வேலை. ஈரத்தோடு எதையும் ஒன்றுக்குள் ஒன்று வைக்கக் கூடாது. டம்ளர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இழுத்துப் பிரிக்க முடியாது. உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தினால் தானாக விட்டுக்கொடுக்கும்.

எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். கல்லாவுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது அண்டா எடுத்தால் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டுத் தலையசைப்பார். விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொண்டு வரும். அந்த அண்டா அன்று வெளியே போகாது. சாவு வீட்டுக்காரர்கள் வந்தால் முன்பணம் வாங்க மாட்டார். கேட்டதற்கு மேல் இரண்டு குண்டான் கூடவே ஏற்றச் சொல்வார். “அந்த வூட்ல இப்ப யாரு யோசிச்சிக் கேக்கப் போறாங்க” என்பார். நான் எத்தனையோ முறை பாத்திரத்தை நசுக்கியிருக்கிறேன். ஒரு தடவையும் அவர் என்னை ஏசியதில்லை. நசுங்கிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அது போதும் எனக்கு.

ஆனால் அந்தக் கடையில் முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு அறைகள் இருந்தன. விசேஷம் சொல்லி வருகிறவரிடம் முதலாளி எந்த ஊர், எத்தனை பேர் என்று இரண்டு கேள்விதான் கேட்பார். வந்தவர் காலனிக்காரர் என்றால், தலையைத் தூக்காமல் என்னிடம், “பின்கட்டுல இருந்து எடுத்துக் குடு” என்பார். பின்கட்டுப் பாத்திரங்களில் கடைப் பெயருக்குக் கீழே இரண்டு புள்ளி இருக்கும். கழுவும்போது கலந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அடையாளம். வாடகை ஒன்றுதான். தேய்க்கிற கையும் ஒன்றுதான். புள்ளி மட்டும் இரண்டு. அது என்ன என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் தெரியும் என்பதால் கேட்க எதுவும் இல்லை.

பிறகு காலம் மாறியது. சமையல் காண்டிராக்ட்காரர்கள் சொந்தப் பாத்திரத்தோடு வர ஆரம்பித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வாழை இலை மிஞ்சியது. காலை டிபனுக்கும் சாயங்கால வரவேற்புக்கும் மெழுகுக் காகிதத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாட்டில். மண்டபங்களின் பின்பக்கம் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடுகள் சாம்பார் வாசத்துக்குக் காகிதத் தட்டையே தின்றன. தடை என்று உத்தரவு வந்தபோது கொஞ்ச நாள் மறைத்து விற்றார்கள், பிறகு மறைக்காமலே விற்றார்கள். எங்கள் கடையில் ஈயம் பூசிய தவலைகள் சிலந்திக்கு வீடாயின. சென்னையில் இருந்த முதலாளியின் மகன், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு இடத்தை வாடகைக்கு விடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மலர்விழியும் தினேஷும் வந்தார்கள். ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மலர்விழி சென்னையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். தினேஷிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று இருந்தது. மண்டபங்களுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாடகைக்குக் கொடுப்பது, அங்கேயே கழுவிக் கழுவித் திருப்பிப் போடுவது, முடிந்ததும் எடுத்து வருவது. குப்பையே இருக்காது. இதுதான் அவர்கள் யோசனை. தட்டு வாங்க முதலும், கழுவிக் காய வைக்கக் கிணறுள்ள முற்றமும் வேண்டும். முதலாளியிடம் இரண்டும் இருந்தன.

அவர் வழக்கம்போல எந்த ஊர் என்று கேட்டார். மலர்விழி மேல்சித்தாமூர் போகும் வழியில் ஒரு ஊரைச் சொல்லி, “காலனிங்க ஐயா” என்று அவளே சேர்த்துச் சொன்னாள். முதலாளி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாற்காலியைக் காட்டினார். ஒரு தட்டு எத்தனை கல்யாணம் தாங்கும், எத்தனை கல்யாணத்தில் போட்ட முதல் திரும்பும் என்று இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரம் அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில், தட்டுகளை அவர் வாங்குவது, தொழிலை அவர்கள் நடத்துவது, லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஆயிரம் தட்டு வந்து இறங்கியது. எல்லாவற்றிலும் பின்பக்கம் கடைப் பெயரை வெட்டச் சொன்னார் முதலாளி. அப்புறம் கல்லாவிலிருந்தே, “ஒரு எரநூறுக்குப் புள்ளி வெச்சிடு” என்றார். சொன்ன வேலையைச் செய்தேன்.

மறு நாள் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த மலர்விழி ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைத் திருப்பினாள்.

“இது இன்னாண்ணா, ரெண்டு புள்ளி?”

நான் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“உங்களத் தான் கேக்கறேன்.”

“மொதலாளி வெக்கச் சொன்னாரும்மா.”

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அங்கே கிடந்த அண்டாக்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவள் தெருவின் கல்யாணச் சோறு அந்த அண்டாக்களில்தான் வெந்தது. திரும்பி வந்து நேராகக் கல்லா முன்னால் நின்றாள்.

“ஐயா, எங்க வூட்டு விசேசத்துக்கு எது வரும்? புள்ளி வெச்சதா, வெக்காததா?”

முதலாளி பேனாவை மூடி வைத்தார். “அது கடை வழக்கம் பாப்பா. நான் போட்டது இல்ல. எங்க நைனா காலத்துல இருந்து இருக்குது.”

“தட்டு நம்ம காலத்துல வாங்கினது தானங்க?”

வாசலில் நின்ற தினேஷ் உள்ளே வந்து, “மலரு, இப்ப வுடு. மொதல்ல தொழில் நிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்றான்.

“நின்னதுக்கு அப்புறம் யாருடா பேசுவா?”

அவள் சத்தம் போடவில்லை. கணக்குத்தான் சொன்னாள். ஊர்க் கல்யாணத்துக்கு எண்ணூறு தட்டு. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் போதாது. காலனிக்கு இருநூறு, ஒரு கல்யாணத்துக்கே போதாது. ஒரு பக்கம் தட்டு சும்மா கிடக்கும்போது மறு பக்கம் காகிதம் வாங்குவார்கள். “பாதி பேரு பேப்பர்ல தான் சாப்பிடணும்னா, இந்தத் தட்டு எதுக்குங்க ஐயா?” என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தினேஷ் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

முதலாளி ஒரு தட்டை எடுத்துப் பாலீஷ் போடுகிற பட்டறைக்கு அனுப்பினார். புள்ளி போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் கண்ணாடிபோலப் பளபளத்தது. புள்ளியைவிட அதுதான் தூரத்திலிருந்து தெரிந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“மீதி எண்ணூறையும் எடு.”

“எதுக்கு மொதலாளி?”

“புள்ளி வெக்கத் தான்.”

புள்ளி என்றால் என்ன என்று செஞ்சியைச் சுற்றி உள்ள எல்லா ஊருக்கும் தெரியும். ஒரு கல்யாணத்தில் ஒருத்தர் தட்டைத் திருப்பினால் போதும், ஆயிரம் தட்டும் எடைக்குத்தான் போக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “எல்லாருக்கும் தெரியுமே” என்று மட்டும் முனகினேன்.

“தெரியும்” என்றார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, “பிரிச்சி வெச்சா ரெண்டு பக்கமும் பத்தாது ஏழுமலை. அந்தப் பொண்ணு போட்ட கணக்குல தப்பு இருக்குதான்னு ரெண்டு நாளா தேடிப் பாத்துட்டேன். இல்ல” என்றார்.

அது வெறும் கணக்குதானா, அதற்கு மேல் ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். எண்ணூறு தட்டையும் வெட்டி முடித்தேன். தினேஷ் போய் மலர்விழியை அழைத்து வந்தான். அவள் அடுக்கில் நடுவிலிருந்து ஒரு தட்டை உருவிப் பார்த்தாள், அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தாள், பிறகு துணியை எடுத்து மறுபடியும் துடைக்க உட்கார்ந்தாள்.

முதல் விசேஷம் அவள் காலனியிலேயே ஒரு காது குத்து. தட்டுகள் நல்லபடியாகப் போய்த் திரும்பின. அடுத்த வாரம் வைகாசி முகூர்த்தத்தில் பெரிய கல்யாணம். பெண்ணின் அப்பா நிலம் நீச்சு உள்ளவர், முதலாளிக்குப் பழக்கமானவர். காலை டிபனுக்கு ஆயிரம் தட்டும் ஏற்றிக்கொண்டு போனோம். முதலாளிக்கும் பத்திரிகை வைத்திருந்ததால் அவரும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். மண்டபத்தின் பின்னால் மலர்விழி தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பெண்களோடு கழுவத் தயாராக நின்றாள். சாப்பாட்டுக் கூடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான்.

இட்லி, பொங்கல், வடை என்று வரிசையாக வைத்தாகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் மேற்பார்வைக்கு வந்தார். எங்கள் கடையில் பல தடவை பாத்திரம் எடுத்தவர். ஒரு தட்டை எடுத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், திருப்பினார்.

“இன்னாய்யா இது, புள்ளி வெச்ச தட்டு?”

அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததையும். தட்டுகளை எடுக்க நீண்ட கைகள் அப்படியே நின்றன. பெண்ணின் அப்பா ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் முதலாளியைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். புதுத் தட்டு, இன்னும் எங்கேயும் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மச்சானைத் தாமே சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். முதலாளி அவர் தோளைத் தொட்டுக்கொண்டு சும்மா நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தாய்மாமன் என் பக்கம் திரும்பினார்.

“ஏய் ஏழுமலை. நீ தானே ஏத்தி எறக்கறவன். நீ சொல்லு. இது காலனிக்குப் போயிருக்குதா, இல்லியா?”

கூடமே என்னைப் பார்த்தது. என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது கிடையாது; என் கல்யாணத்தில்கூட எல்லாரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் டிபன் நடக்கும், கடை நடக்கும், அந்தப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. முதலாளி என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அவர் முகத்தில் இருப்பதைச் சொல்லியிருப்பேன். அவர் பார்க்காததால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“போன வாரம் காலனில காது குத்துங்க. அங்க போயி வந்துது. இனிமே எல்லா வூட்டுக்கும் இதான் போவும்.”

தாய்மாமன் தட்டை மேஜைமேல் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காகிதத் தட்டு வாங்கிவர ஆள் ஓடியது. ஆனால் பஜாரில் அந்தக் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பச் சொன்னார்கள். வாழை இலையில் போடலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, சமையல்காரர் மத்தியானத்துக்கு இலை குறையும் என்று கையை விரித்தார். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விடியும் முன்பே கிளம்பி பஸ்ஸில் வந்தவர்கள். பிள்ளைகள் அழுதன. மாப்பிள்ளை வகையில் ஒரு தாத்தா, எதற்கு நிற்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“புள்ளி வெச்சா இன்னா, கோலம் போட்டா இன்னா? சோறு உள்பக்கம் தானப்பா போடுவீங்க? பசிக்குது, குடு.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். அவர் பின்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள். தாய்மாமன் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காகிதத் தட்டும் வந்தது. மேஜையின் ஒரு முனையில் அது, மறு முனையில் எங்களுடையது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வடை வைத்தேன். யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாம் முடிந்து பின்பக்கம் போனேன். பத்து இருபது தட்டு இருக்கும் என்று நினைத்தேன். தொட்டியைச் சுற்றி எச்சில் தட்டுகள் இடுப்புயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன. மாப்பிள்ளை வீட்டாரின் எண்ணிக்கை எனக்குத் தெரியும். இது அதைவிட நிறைய. அப்படியானால் பெண் வீட்டு ஊர்க்காரர்களும் சத்தம் போடாமல் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். மலர்விழி முட்டிவரை நனைந்து கழுவிக்கொண்டிருந்தாள். முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியோடு அந்த அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தினியா?” என்றார்.

“இன்னும் உள்ள இருக்குதுங்க ஐயா” என்றாள் அவள், நிமிராமலே.

வண்டியில் திரும்பும்போது முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சந்தைமேடு தாண்டியதும், “இத்தினி வருசத்துல உன் கொரல இன்னைக்குத் தான் ஏழுமலை முழுசா கேட்டேன்” என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அந்த மாதமே இரண்டு வீட்டார் சொல்லி வைத்திருந்ததை வேண்டாம் என்றார்கள். அந்தத் தாய்மாமன் இன்றைக்கும் திண்டிவனத்திலிருந்துதான் பாத்திரம் வரவழைக்கிறார். சிலர் போனில், புள்ளி இல்லாத தட்டு இருக்கிறதா என்று கேட்பார்கள். தினேஷ், “இல்லீங்க, நம்மகிட்ட ஒரே வகை தான்” என்பான். சிலர் வைத்துவிடுவார்கள். சிலர் விசாரித்துவிட்டு, குப்பை அள்ளும் செலவையும் பார்த்துவிட்டு, மறுபடி கூப்பிடுவார்கள். தொழில் மெதுவாகத்தான் காலூன்றி நின்றது. ஆனால் நின்றது. இப்போது தட்டுகள் மூவாயிரத்துக்கு மேல். கழுவுகிற இடத்தில் மட்டும் எட்டுப் பேருக்கு வேலை. இரண்டு மண்டபங்களின் பின்பக்கம் இப்போது மூக்கைப் பிடிக்காமல் நடக்கலாம்.

அந்த வருடம் ஆடியில், கடையில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, பின்கட்டு அண்டாக்களை முன்னால் கொண்டுவந்து எல்லாவற்றோடும் கலந்து அடுக்கச் சொன்னார் முதலாளி. காலியான அறையில் இப்போது தட்டு காய வைக்கிறார்கள்.

வருகிற ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு மூன்று வீடுகளுக்குத் தட்டு போகிறது. இரண்டு ஊரில், ஒன்று காலனியில். முன்பெல்லாம் எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போயிற்று என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நேற்று கடைக்குப் போய் அடுக்கிவைத்த தட்டுகளுக்கு நடுவே சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தேன். எது எந்த வீட்டுக்குப் போய் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எழுதி முடித்தது ஆடி மாதம் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை.